பள்ளத்தில் கேட்ட கேள்வி

"மெதுவா குடுடி. கையெல்லாம் கிரீஸ்" என்றாள் அக்கா, பள்ளத்துக்குள் இருந்து.

தங்கை தரைத்தளத்து லிஃப்ட் வாசலில் மண்டியிட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை நீட்டுவது போல மடிக்கணினியைக் கீழே நீட்டினாள்.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட் சில நாளாகத் தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது. அதை முதல் மாடியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள்.

பள்ளத்தில் போன் எடுக்காது. சுற்றிலும் கான்கிரீட். உலகத்தையே கரைத்துக் குடித்துவிட்டு இணையத்தில் உட்கார்ந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுகள் எல்லாம் இந்த விளிம்போடு நின்றுவிடும்.

அதனால்தான் தங்கை தன் மடிக்கணினிக்குள்ளேயே ஒன்றைக் குடிவைத்தாள். சின்ன மாடல். இணையம் வேண்டாம், யார் தயவும் வேண்டாம்.

அக்காவிடம் இருந்த தடித்தடியான லிஃப்ட் கையேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அதற்குக் கொடுத்தாள். பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் கணினி வகுப்பு, வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் இதே வேலை.

ஆரம்பத்தில் அது கூசாமல் புளுகியது. கையேட்டில் இல்லாததைக் கேட்டால், பக்க எண்ணோடு பதில் சொன்னது. அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அங்கே வேறு என்னவோ இருந்தது.

தங்கை பதறிப்போனாள். அதன்பிறகு ஒவ்வொரு பதிலையும் கையேட்டோடு வைத்துப் பார்த்தாள். அது தவறிய இடத்திலெல்லாம் அதற்குக் கொடுத்த கட்டளையை மாற்றி எழுதினாள். மறுபடி கேட்டாள். மறுபடி மாற்றினாள்.

சரியாகிவிட்டது என்று ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

அக்கா முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். "ஒரு தடவ எடுத்துட்டுப் போறேன். ஒரு புளுகு புளுகுச்சுன்னாலும் அது வீட்டோட கிடக்கட்டும். கீழ நிக்கிறது நான்டி."

இப்போது பள்ளத்தில் விசைகள் தட்டும் சத்தம். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே அக்கா வாய்விட்டுப் படித்தாள்.

"பஃபர் பக்கத்துல இருக்குற ரெண்டாவது சுவிட்ச கழட்டிட்டு லிஃப்ட ஓட்டலாமா?"

பஃபர் என்பது பள்ளத்தின் நடுவில் நிற்கும் பெரிய ஸ்பிரிங். லிஃப்ட் நிலைதவறி இறங்கினால் தாங்கிக்கொள்வது. லிஃப்ட் பற்றித் தங்கைக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த சுவிட்சைக் கழற்றலாமா, கூடாதா?

கழற்றலாம் என்று அது சொல்லி, கழற்றக்கூடாததாக இருந்துவிட்டால்?

அக்காவின் தலைக்கு மேலே நின்றிருந்த லிஃப்டின் அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

மடிக்கணினியின் விசிறி இரைய ஆரம்பித்தது. யோசிக்கிறது.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற வாட்ச்மேன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "லிஃப்ட் ரிப்பேருக்கு எதுக்கும்மா டைப்பிங்?"

தங்கையின் காது விசிறிச் சத்தத்திலேயே இருந்தது.

இரைச்சல் அடங்கியது. அக்கா திரையில் வந்ததை ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் படித்தாள்.

"இந்தக் கையேட்டில் இரண்டாவது சுவிட்ச் பற்றி எதுவும் இல்லை. எனக்குத் தெரியாது. நேரில் பார்த்து உறுதிசெய்யும் வரை எதையும் கழற்ற வேண்டாம்."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "இதுக்கா இவ்ளோ இரைச்சல்? தெரியாதுன்னு நானே சொல்லியிருப்பேனே."

தங்கைக்குக் காது மடல் சுட்டது. கேட்ட முதல் கேள்விக்கே கையை விரித்துவிட்டது. எந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டேன்? மனதுக்குள் கையேட்டைப் புரட்டிக்கொண்டே, மடிக்கணினியைத் திரும்ப வாங்கக் குனிந்தாள்.

அக்கா கொடுக்கவில்லை. டார்ச்சை எடுத்து ஸ்பிரிங் பக்கம் அடித்தாள்.

"நல்லாப் பாரு. இங்க எத்தன சுவிட்ச் இருக்கு?"

தங்கை பார்த்தாள். தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் பார்த்தாள்.

ஒன்றுதான் இருந்தது.

இல்லாத ஒன்றை, கண்முன்னே இருப்பது போல அத்தனை நிச்சயமாகக் கேட்டிருக்கிறாள் அக்கா. அப்படிக் கேட்டும் அது இருப்பதாக நடிக்கவில்லை.

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

அக்கா மடிக்கணினியை ஏணிப் படியில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள். அடுத்த கேள்விக்கு விரலைக் கந்தல் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போன மாசம் என் ஹெல்பர வேலைய விட்டு நிறுத்திட்டேன்னு என்கிட்ட சண்ட போட்டியே. அவன்கிட்டயும் இதே கேள்வியத்தான்டி கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"தாராளமா கழட்டலாம்க்கான்னு ஸ்பேனரையே எடுத்துட்டான்."