சிங்கம் தலையாட்டிய கதை

அந்தக் காட்டில் ஒரே ஒரு சலூன்தான். நடத்தியது நண்டு. கத்திரி வாங்கும் வேலையே அதற்கு இல்லை, கையிலேயே முளைத்திருந்தது.

மறுநாள் பெண் பார்க்கப் போக வேண்டிய சிங்கம் வந்து உட்கார்ந்தது. “அண்ணே, நுனியில மட்டும் லேசா. இந்தப் பிடரியைக் காட்டித்தான் பொண்ணு கேட்கப் போறேன்.”

“என்கிட்ட தலையைக் குடுத்துட்டீங்கல்ல? கவலைய விடுங்க தம்பி!”

நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும். அதனால் வெட்டும் பக்கவாட்டிலேயே போனது. முடித்ததும் பின்னால் கண்ணாடியைப் பிடித்தது. “ஓகேவா?”

சிங்கத்துக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஆசையாகக் கண்ணாடி காட்டுகிறவரிடம் போய் நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டியது.

“இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?” சரக். கண்ணாடி. தலையாட்டல். “இப்ப வலது பக்கம் இடிக்குதே?” சரக் சரக். கண்ணாடி. தலையாட்டல். கடைசியில் நாற்காலியில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

“யோவ்! என்னய்யா பண்ணி வெச்சிருக்க?” என்று பூசணிக்காய் கர்ஜித்தது.

“கேட்டுக் கேட்டுத்தானே தம்பி வெட்டினேன்? உங்க தலையை நானா ஆட்டினேன்?”

மறுநாள் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் மொட்டையைப் பார்த்ததும் கண்கலங்கிக் கும்பிட்டார். “வேண்டுதலா மாப்ள? இந்த வயசுல இவ்வளவு பக்தியா! அப்ப மாசாமாசம் மொட்டைதானா?”

இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் போய் எப்படி இல்லை என்பது?

சிங்கம் தலையை ஆட்டியது.