நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அப்பா அடையாளத்துக்கு வைக்கும் காலி மாத்திரை அட்டை இன்று நூற்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் அவள் நாவலை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். முப்பது வருடம் ஊர் ஊராக நிலம் அளந்த சர்வேயர்.

இன்னும் மூன்று பக்கம்.

நாவல் அவள் எழுதியதுதான். சிறந்த இளையோர் நாவலென்று போன வாரம் விருது வாங்கியது. சால்வையை அப்பாவே இஸ்திரி போட்டு மடித்து வைத்தார். பேப்பரில் வந்த படத்தைத் தெருவில் ஒருவர் விடாமல் காட்டினார். காட்டிய கையோடு படிக்கவும் உட்கார்ந்துவிட்டார்.

விருது கொடுத்தவர்கள்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருந்தாள். திண்டுக்கல் தஞ்சாவூர் ஆனது. அவள் பூரணி ஆனாள். சர்வேயர் தபால்காரர் ஆனார். பஸ் ஸ்டாண்டு பூக்கடை கரும்புச்சாறு வண்டி ஆனது.

அப்படியும் முப்பதாம் பக்கத்திலேயே ஒரு திருத்தம் சொன்னார். மாடிப்படி பதினாலு இல்லையாம், பதினாறாம். அது பூரணி வீட்டு மாடிப்படி என்றாள். இருக்கட்டும் என்று பக்கத்தைப் புரட்டினார்.

நடந்ததை மட்டும் அவளுக்கு மாற்ற வரவில்லை.

எட்டாம் வகுப்பு. பள்ளி அரைநாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா. வேலைக்குப் போனால் நிலம் அளக்கும் சங்கிலிப் பையோடு போவார். அன்று கையில் வீட்டின் பெரிய பெட்டி.

கூப்பிட வாயெடுத்தவள் ஒளிந்துகொண்டாள்.

ஏன் என்று இன்றுவரை தெரியாது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். அந்த ஒரு நினைப்பு பத்து வருடமாக அவளைவிட்டுப் போகவில்லை.

பதினோரு மாதம் கழித்து வந்தார். அம்மா தோசை வார்த்துப் போட்டாள். எங்கே போனீர்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. பார்த்ததை அவளும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தாள்.

அப்பா வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். அவள் எதிரே முருங்கைக்கீரையோடு உட்கார்ந்து, உருவிய காம்பையே மறுபடி உருவிக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் புரண்டது.

அடுக்களையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பக்கம் புரண்டது.

அதற்குப் பிறகு புரளவில்லை.

சாதாரணமாக அவர் ஒரு பக்கம் படிக்கும் நேரம் அவளுக்குத் தெரியும். அது போய்விட்டது. இன்னொரு மடங்கும் போனது. பனியன் நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

திட்டட்டும். தூக்கி எறியட்டும். ஏன் கூப்பிடவில்லை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

அப்பா மாத்திரை அட்டையை வைத்துப் புத்தகத்தை மூடினார். அடுக்களைப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

அம்மா மிக்சியைப் போட்டாள்.

அந்தச் சத்தத்துக்குள், வரைபடத்தில் பிசகிய கோட்டைக் காட்டும் அதே குரலில் சொன்னார்.

“கரும்புச்சாறு வண்டி இல்லம்மா. நீ நின்னது பூக்கடைக்குப் பின்னாடி.”

மிக்சி நின்றது.

அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை என்றுதான் அவள் எழுதியிருந்தாள்.