சீட்டுல எழுதின காரணம்

"இது என்ன தையல் லைனா, இல்ல கக்கூஸுக்கு நிக்கிற க்யூவா?"

இடியக்கா போட்ட சத்தத்துல, பாக்கெட் தைக்கிறவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சூப்பர்வைசருக்குப் பெத்தவங்க வெச்ச பேர் என்னவோ, லைன்ல எல்லாருக்கும் அவ இடியக்காதான்.

காலையிலேர்ந்து அவ கக்கூஸுக்குப் போனது இது ஆறாவது தடவை. போனா நாலு சொட்டு. அதுவும் மிளகாயைக் கரைச்சு ஊத்தின மாதிரி எரிச்சல்.

"டாக்டரைப் பாருடி"ன்னா பக்கத்து மெஷின்ல காலர் தைக்கிற காலர்க்காரி. முந்தாநாள் லீவுல அவ இதுக்குத்தான் போய்ட்டு வந்தா.

"வெளிய போக மேனேஜர்கிட்ட சீட்டு வாங்கணும். காரணம் எழுதணும். அந்த மீசை முன்னாடி நின்னு என்னன்னுடி சொல்ல? மானம் கப்பலேறிடும்!"

காலர்க்காரி இடுப்புலேர்ந்து மாத்திரை அட்டையை உருவினா.

"அஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. எனக்கு ரெண்டே நாள்ல எரிச்சல் போயிடுச்சு. மிச்சத்தை நீ போட்டுக்கோ."

பாக்கெட்டு கை நீட்டினா. குறுக்கே இன்னொரு கை வந்துச்சு.

"மாத்திரை என்ன மிட்டாயாடி, பங்கு போட்டுத் திங்க?" இடியக்கா அட்டையைப் புடுங்கி, திரும்பக் காலர்க்காரி மடியிலேயே வீசினா. "பாம்பை அரைகுறையா அடிச்சா திரும்பி வந்து கொத்தும். மிச்சத்தையும் நீயே முழுங்கு! ஏய் பாக்கெட்டு, நீ எந்திரி."

"அக்கா, இனிமே போக மாட்டேன்க்கா... அடக்கிக்கிறேன்க்கா..."

"எந்திரின்னா எந்திரி!"

இடியக்கா விடுவிடுன்னு மேனேஜர் ரூமுக்குப் போனா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னா. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மேனேஜர் குனிஞ்ச தலை நிமிராம கையெழுத்துப் போட்டுட்டாரு.

"போச்சு. வேலைக்கு வேட்டு வெச்சுட்டா மகராசி"ன்னு முணுமுணுத்தா காலர்க்காரி.

இடியக்கா வந்து மடிச்ச சீட்டைப் பாக்கெட்டு கையில திணிச்சா.

"கேட்டுல குடுத்துட்டுக் கிளம்பு. என் கண்ணு முன்னாடி நிக்காத."

பாக்கெட்டு அழுதுகிட்டே கேட்டுக்கு வந்தா. வாட்ச்மேன் சீட்டைப் பிரிச்சான். படிச்சான். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான்.

"என்னண்ணே, ஒரேயடியா அனுப்பிட்டாங்களா?"

"அட, ரெண்டு மணி நேரந்தான்மா. சம்பளமும் புடிக்க மாட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, உங்க இடியக்காவுக்கு மூத்திர எரிச்சலாமே? லைனை விட்டு வர முடியலையாம், டாக்டர்கிட்ட கேட்டு வர உன்னை அனுப்புறாங்க. வெக்கமே இல்லாம அவங்க பேரைப் போட்டு, அவங்க கையாலயே எழுதியிருக்காங்க பாரேன்!"