கதவுக்கு வெளியே

மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் இன்று எம்.டி.யைப் பார்க்கப்போவதில்லை என்பது கதவுக்குத் தெரிந்துவிட்டது. பாவம், அந்த மனுஷனுக்குத்தான் தெரியவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அறைப் பலகையில் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்று போட்டிருந்தாலும் ஆபீஸ் முழுக்க அவருக்குக் 'கதவு' என்றுதான் பட்டப்பெயர். யாரை எம்.டி.யிடம் விடுவது, யாருக்குக் கல்தா கொடுப்பது, எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி உள்ளேயிருந்து வந்தாள். "இன்னொரு காபி சாப்பிடுறீங்களா சார்?" என்று மூன்றாவது நாற்காலிக்காரரிடம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கேட்டாள்.

இவ்வளவு மரியாதையா என்று அவர் குளிர்ந்துபோனார். இரண்டாவது காபி வந்தால் எம்.டி. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம். காபி தீர்வதற்குள் ஓர் அவசர மீட்டிங் முளைத்துவிடும். மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லாமல் ஆளைக் கழற்றிவிடக் கதவு கண்டுபிடித்த வழி அது.

கதவு அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"என்னம்மா, மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டா கேக்குறது? சிரிச்சுக்கிட்டே கேக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கண்டுபிடிச்சிருவாங்கல்ல?"

"சாரி சார். நீங்க போனதுக்கப்புறம் எல்லாம் என் தலையில. ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

ஆமாம், கதவு வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. "எத்தனை நாளைக்கு என் நிழல்லயே இருப்பீங்க? வெளிய போய் ஃப்ரீலான்ஸா பண்ணுங்க. முதல் வேலை நம்ம கம்பெனியோடதுதான்" என்று எம்.டி. தோளில் தட்டிச் சொன்னார். அதை நம்பித்தான் விட்டார். அன்று அவர் அறை வாசலில் தவம் கிடந்த ஒருத்தன்கூட இன்று போனை எடுப்பதில்லை. நன்றி கெட்ட ஜென்மங்கள்!

காலையில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தபடி மனைவி கேட்டாள். "இதாவது கிடைக்குமாங்க? என் ஒருத்தி சம்பளத்துல இனிமே முடியாது."

"அவரே வாயால சொன்ன வேலைடி. எனக்குப் போய் இல்லம்பாரா?"

மூன்றாவது நாற்காலி காலியானது. திடீரென்று ஏதோ மீட்டிங்காம். கதவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது.

எம்.டி. அறையில் மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். கதவு தன்னுடைய காலிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பையும் கையுமாக எழுந்தே நின்றுவிட்டார்.

வெளியே வந்தவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு நேராக அவரிடம் வந்து, சொல்லிக் கொடுத்தபடியே முகம் மலரச் சிரித்தாள்.

"இன்னொரு காபி சாப்பிடுறீங்களா சார்?"