ஏழு புழு

“கண்ணைத் தோண்டிப் போடுவானுகள் தங்கச்சி! எழும்பு, ஓடிருவம்.”

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த உம்மு காதுக்குள் சொன்னதும் நபீஸா பலகையின் விளிம்பை இறுகப் பிடித்தாள். நேற்றிலிருந்து அவளுடைய இடக்கண்ணின் வெள்ளைக்குள் நூல் போல ஏதோ நெளிகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உம்முவோ பட்டப்பகலிலேயே பேயைக் கூட்டி வருகிற கெட்டிக்காரி.

“எனக்கும் இதே வருத்தந்தான். போன மாசம் வரிப்பத்தான்சேனை நாட்டுமருந்துப் பரிசாரியாரு கண்ணில குழல வச்சி உறிஞ்சி, வெத்திலையில துப்பினாரு. ஏழு புழு! நோவே இல்ல.”

“உறிஞ்சிறதுக்கு முதல் வாயக் கழுவினாரா ராத்தா?”

“அதெல்லாம் ஆரு பாத்த? அவருட கை ராசியான கை.”

நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். “பிறகு ஏன் இஞ்ச வந்தீங்க?”

“திரும்பவும் சிவந்து போச்சி. மகன் ஏசி ஏசிக் கூட்டி வந்திட்டான்.”

அதற்குள் டொக்டர் கிறகரி நபீஸாவை உள்ளே கூப்பிட்டார். உம்மு கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

“பயப்படாத தங்கச்சி” என்று டொக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். “கொழும்பு ரயில் கோச்சியில புதுசா வந்த மருந்து இது. கண் மரத்துப் போயிரும்.”

மரத்தது கண்தான், நெஞ்சு மரக்கவில்லை. இடுக்கி கிட்ட வரவர, இனிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே மாட்டோம் என்று நபீஸா நடுங்கினாள். கலிமாவை மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் விரல் நீளப் புழு ஒன்று உயிரோடு நெளிந்தது.

“கண்ணுக்கு ஒண்டுமில்ல. இந்தக் குளிசையை மூண்டு நேரமும் போடு” என்று கட்டுப் போட்டுவிட்டார் டொக்டர். “அடுத்த ஆள் வாங்க.”

உம்மு பீங்கானைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “ஒண்டே ஒண்டா? இதுக்கா இந்தப் பாடு? நான் பரிசாரியாருட்டயே போறன்.”

சிவந்த கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் வாசலுக்கு நடந்தாள். நபீஸா கண் கட்டோடு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். இடுக்கிக்குப் பயந்ததைவிட இப்போதுதான் அவளுக்குக் கூடுதல் பயம்.

“போகாதங்க ராத்தா, அவருட பொஞ்சாதி நான்... என்னையே அவரு இஞ்சதான் அனுப்பினாரு.”