ரப்பர் வளையம்

கணவன் இளம்பரிதி மலைப்பாதையில் பைக் ஓட்டிவிட்டு வந்ததும், முன் ஷாக் அப்சார்பர் குழாயில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைச் செந்தாமரை டேப் வைத்து அளந்தாள். பெரிய பள்ளத்தில் அவன் எடைக்கு வண்டி அமுங்கிய ஆழம்வரை வளையம் மேலேறி நின்றிருந்தது; வண்டி நிமிர்ந்தாலும் அது தானாக இறங்காது.

"நூத்தியெண்பது மில்லிமீட்டர்."

"கரெக்ட்டு. இனிமே ஸ்பிரிங், வளையம் எதையும் தொடாத," என்று சிரித்தான்.

அடுத்த வாரம் காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

மெக்கானிக் காதர், "அண்ணன் எண்பது கிலோ அக்கா, நீங்க அம்பதுதான். ஸ்பிரிங்கை மாத்தாம ஓட்டுனா தூக்கி எறிஞ்சிரும்," என்றான்.

"எறியட்டும். எனக்கு எந்திரிக்கத் தெரியும். நீ கைய எடு."

அதே பாதை அவளை இரண்டு தடவை எறிந்தது. மூன்றாம் தடவை, முழங்கையில் ரத்தத்தோடு அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறினாள். வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து அளந்தாள். அவள் எடைக்கு வளையம் அசையவில்லை. இளம்பரிதி ஏற்றிவிட்டுப்போன நூற்றெண்பதிலேயே நின்றது.