தூக்கிய கை

ஆறு வயதில் சினிமாவில் பாலமுருகனாக நடித்த செண்பகவல்லி, இப்போது ஊர் ஊராய்ப் போகும் பக்திப் பாடகி. அன்று கச்சேரி முடிந்ததும் ஒரு கிழவி மேடையோரம் வந்து கைகூப்பினாள்.

“முருகா!”

“நான் வெறும் பாட்டுக்காரி, பெரியம்மா.”

“மூச்சுவாங்கின எம்புள்ளய ஷூட்டிங்குக்குத் தூக்கியாந்தேன். நீ வலது கையத் தூக்கி, பொழைச்சுக்குவான்னு சொன்னியே!”

டைரக்டர் சொல்லச் சொன்னதைத்தான் அன்று சொன்னாள். அப்புறம் அந்தக் கையால் தாளம் மட்டுமே போட்டாள், யாரையும் ஆசீர்வதித்ததில்லை.

“பையன்... இருக்கானா?”

“டாக்டர் ஒரு நாள்தான்னாரு. மூணு நாள் இருந்தான், சாமி.” கிழவி தலையைத் தாழ்த்தினாள். “நாளைக்கு எனக்கு ஆபரேஷன். கையத் தூக்கு.”

பாட்டு இல்லாமலே செண்பகவல்லியின் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை.